பிரஷர் மாத்திரை: மருந்துக்கடைக் கவுண்டரில் தினமும் கேட்கும் கேள்விகள்

ஒரு சிறு நகரத்து மருந்துக்கடையில் 19 வருடமாக மருந்தாளுநராக நிற்கிறேன். காலையில் கடை திறந்ததும் வருகிற முதல் பத்துப் பேரில் நாலைந்து பேர் பிரஷர் மாத்திரைக்குத்தான் வருவார்கள். டாக்டரிடம் கேட்கத் தயங்கியது, கேட்க மறந்தது, பக்கத்து வீட்டில் யாரோ கிளப்பிவிட்ட பயம், எல்லாம் என் கவுண்டருக்கு வந்து சேரும். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்கிற வார்த்தையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையை மாற்றுவதோ, அளவைக் கூட்டிக் குறைப்பதோ வேண்டாம். அதற்கு உங்கள் உடம்பைப் பார்த்த டாக்டர்தான் வேண்டும்.

“தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, நல்லாத்தானே இருக்கேன். எனக்கு எப்படிப் பிரஷர் இருக்கும்?”

இருக்கலாம். பெரும்பாலானவர்களுக்குப் பிரஷர் ஏறியிருப்பதற்கு ஒரு அறிகுறியும் இருக்காது. தலைவலி வந்தால்தான் பிரஷர், கோபம் வந்தால்தான் பிரஷர் என்று நினைத்துக்கொண்டு 10 வருடம் அளந்தே பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பத்து வருடமும் மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் ரத்தக்குழாய்கள் அழுத்தத்தை வாங்கிக்கொண்டேதான் இருக்கும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் சுமார் 24 சதவீதம் பேருக்கும், பெண்களில் சுமார் 21 சதவீதம் பேருக்கும் ரத்த அழுத்தம் கூடுதலாக இருந்தது, அல்லது அதற்கு மருந்து எடுத்துவந்தார்கள். முப்பது வயது தாண்டியவர் வருடத்துக்கு ஒரு தடவையாவது அளந்துவிடுங்கள்.

“எவ்வளவு இருந்தா பிரஷர்னு சொல்வாங்க?”

120/80-க்குக் கீழே இருந்தால் நல்லது. வேறு வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் உயர் ரத்த அழுத்தம் என்று நம் ஊர் டாக்டர்கள் முடிவு செய்வார்கள். இரண்டில் ஒன்று மட்டும் தாண்டியிருந்தாலும் கணக்குதான். அமெரிக்காவில் 2017 முதல் 130/80-இலேயே கோடு போட்டுவிட்டார்கள். வீட்டில் நிதானமாக அளந்தால் அளவு கொஞ்சம் குறைவாகவே வரும் என்பதால் வீட்டு அளவுக்கு நம் ஊர்க் கோடு 135/85.

மேல் எண் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது உள்ள அழுத்தம். கீழ் எண் அது தளர்ந்து ஓய்வெடுக்கும்போது உள்ளது. ‘வயசானா நூறோட வயசைக் கூட்டிக்கலாம்’ என்று ஒரு பழைய கணக்கு இன்னும் ஊரில் உலவுகிறது. அதை விட்டுவிடுங்கள். எழுபது வயதுக்காரருக்கு 170 இயல்பான அளவு இல்லை.

“டாக்டர்கிட்ட 160, உங்க கடையில 144, வீட்ல 132. எதை நம்புறது?”

ஒழுங்காக அளந்த அளவை. நம் ஊரில் பிரஷர் பார்க்கிற விதமே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஒரு நாள் சந்தையிலிருந்து இரண்டு பை காய்கறியோடு வெயிலில் நடந்து வந்த அம்மா, பையைக் கீழே வைத்த கையோடு “தம்பி, பிரஷர் பாருங்க” என்று கையை நீட்டினார். சட்டென்று பார்த்தேன், 168/94. மனசு கேட்கவில்லை. மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் இருக்கச் சொன்னேன். ஏழெட்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் 138/84. ஆள் மாறவில்லை, கருவியும் மாறவில்லை.

அதனால் அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, பீடி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் கழித்துவிட்டு வாருங்கள். ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். கால் மேல் கால் போடாதீர்கள். கையை மேசை மேல், நெஞ்சின் உயரத்தில் வையுங்கள். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாமல் வெறும் கையில் சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். ஓரிரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து சராசரி எடுங்கள். முதல் முறை பார்க்கும்போது இரண்டு கையிலும் பார்த்து, எதில் கூடுதலோ அந்தக் கையிலேயே தொடர்ந்து பாருங்கள்.

வெள்ளைக் கோட்டைக் கண்டாலே ஏறுகிறவர்கள் உண்டு. டாக்டரிடம் சரியாக இருந்து வீட்டில் ஏறுகிறவர்களும் உண்டு, அவர்கள்தான் பிடிபடாமல் போய்விடுகிறார்கள். டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு வாரம், காலையும் மாலையும் வீட்டில் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். எந்த டாக்டரும் அந்தத் தாளை மதிப்பார். வீட்டுக்குக் கருவி வாங்குவதானால் மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

“மாசம் மூணாச்சு, இப்ப நார்மல். மாத்திரையை நிறுத்திடலாமா?”

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நேரம் எடுத்துப் பதில் சொல்கிறேன். கடையில் கூட்டம் நின்றாலும் சொல்வேன்.

நார்மல் ஆனது மாத்திரையால். மாத்திரை உள்ளே இருக்கும்வரை அளவு அடங்கியிருக்கும், நிறுத்தினால் திரும்ப ஏறும். காய்ச்சல் மாத்திரை மாதிரி நோயை விரட்டிவிட்டுப் போகிற மருந்து இல்லை இது. மூக்குக்கண்ணாடி போட்டால் எழுத்து தெரிகிறது, தெரிகிறதே என்று கண்ணாடியைக் கழற்றி வைத்தால் மறுபடி மங்கும். அதே கதைதான்.

நிறுத்தியவுடனே ஒன்றும் ஆகாது என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. ஆம்லோடிபின் போன்ற மாத்திரை உடம்பிலிருந்து வெளியேறவே சில நாட்கள் ஆகும். ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்பார்கள், நன்றாகத்தான் இருக்கும். “பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகலை” என்பார்கள். பிறகு யாரும் அளப்பதில்லை. எங்கள் கடைக்கு மாதாமாதம் வந்த ஒரு பெயின்டர் அண்ணன், 52 வயது, இப்படித்தான் நிறுத்தினார். அவர் வராததை நானும் கவனிக்காமல் விட்டேன். ஏழு மாதம் கழித்து அவர் மனைவி சீட்டோடு வந்தார். சீட்டில் இருந்தவை பக்கவாதத்துக்குப் பிறகு கொடுக்கிற மாத்திரைகள். வலது கை வேலை செய்யவில்லை. அன்றிலிருந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பிரஷர் மாத்திரை வாங்குகிறவர் ஐந்து நாள் தாமதித்தால் போன் போட்டுவிடுவேன்.

சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்தினால் உடனேயே ஆபத்து. மெட்டோபுரோலால், அட்டினலால் போன்றவற்றைத் திடீரென விட்டால் இதயத் துடிப்பு எகிறும், இதய நோயாளிக்கு நெஞ்சுவலிகூட வரலாம். குளோனிடின் விட்டால் பிரஷர் முன்பிருந்ததைவிட மேலே பாயும்.

அப்படியானால் ஆயுசுக்கும் மாத்திரைதானா? பலருக்கு ஆமாம். உடம்பு எடையைக் கணிசமாகக் குறைத்து, உப்பைக் குறைத்து, குடியை நிறுத்தி, தினமும் நடக்கிறவர்களுக்கு டாக்டரே அளவைக் குறைப்பதைப் பார்த்திருக்கிறேன். சிலருக்கு நிறுத்தியும் இருக்கிறார்கள். அது அளந்து அளந்து, படிப்படியாக எடுக்க வேண்டிய முடிவு.

“எங்க தாத்தா காலத்துல யார் பிரஷர் மாத்திரை சாப்பிட்டா?”

யாரும் சாப்பிடவில்லை. இருந்தால்தானே சாப்பிட! அமெரிக்க ஜனாதிபதி பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கே கிடைக்கவில்லை. 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஹோவர்ட் புரூயன் அவரைப் பரிசோதித்தபோது 186/108. உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம், உலகிலேயே சிறந்த மருத்துவம் அவர் படுக்கையருகே இருந்தது. ஆனாலும் அழுத்தத்தைக் குறைக்க அவர்களிடம் இருந்தது உப்புக் குறைவான சாப்பாடு, ஓய்வு, கொஞ்சம் தூக்க மருந்து, அவ்வளவுதான். 1945 ஏப்ரல் 12 அன்று பின்னந்தலை பயங்கரமாக வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அளந்தபோது 300/190. மூளையில் ரத்தக்கசிவு. அன்றே இறந்தார், வயது 63.

இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிற மாத்திரை அன்று அவருக்குக் கிடைக்கவில்லை. குளோரோதயசைடு என்ற முதல் நல்ல நீர்மாத்திரையே 1950-களின் கடைசியில்தான் வந்தது. தாத்தா காலத்தில் ‘திடீர்னு போய்ட்டார்’, ‘வாதம் அடிச்சிடுச்சு’ என்று சொன்ன எத்தனையோ சாவுகளுக்குப் பின்னால் அளக்கப்படாத பிரஷர் இருந்திருக்கும்.

“பிரஷர் மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிடுமாமே?”

கிட்னியைக் கெடுப்பது பிரஷர். மாத்திரை அதைக் காப்பாற்றப் பார்க்கிறது. சர்க்கரையும் கட்டுப்படாத பிரஷரும்தான் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதல் இரண்டு காரணங்கள். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிபிரில் போன்றவை, முக்கியமாகச் சர்க்கரை இருந்து சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு, கிட்னி கெடுவதைத் தள்ளிப்போடுகிற மருந்துகள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை மாத்திரை தொடங்கியதும் ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) கொஞ்சம் ஏறலாம். சிறுநீரக வடிகட்டிக்குள் இருந்த கூடுதல் அழுத்தத்தை மருந்து இறக்கிவிடுவதால் அப்படி. 30 சதவீதம் வரை ஏறுவதை டாக்டர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். அதற்கு மேல் போனாலோ, பொட்டாசியம் கூடினாலோ மருந்தைத் திரும்பப் பார்ப்பார்கள். அதனால்தான் தொடங்கிய சில வாரங்களில் ரத்தப் பரிசோதனை எழுதுகிறார்கள். ‘லேபுக்கு ஏன் வீண் செலவு’ என்று அதைத் தவிர்க்காதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பல வருடம் பிரஷரை விட்டுவிட்டு, கிட்னி பாதி போன பிறகுதான் மாத்திரை தொடங்குகிறார்கள். கெட்டது முன்பே, தெரிந்தது இப்போது. பழி மாத்திரை மேல்.

“ஆளுக்கு ஒரு மாத்திரை தர்றாங்களே, எல்லாம் ஒரே பிரஷர்தானே?”

பிரஷர் ஒன்றுதான், ஆள் வேறு. கூடவே உள்ள நோய், வயது, கர்ப்பம், பழைய பக்கவிளைவு எல்லாம் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

நம் ஊரில் அதிகம் கைமாறுவது ஆம்லோடிபின். ரத்தக்குழாயின் தசையைத் தளர்த்தும். சிலினிடிபினும் அதே குடும்பம். அடுத்தது டெல்மிசார்டன், லோசார்டன், ஓல்மிசார்டன், அதாவது ‘சார்டன்’ என்று முடிகிறவை. ரத்தக்குழாயைச் சுருக்கச் சொல்லும் ஒரு ஹார்மோனின் கட்டளையை இவை தடுக்கும். எனாலாபிரில், ராமிபிரில் போன்ற ‘பிரில்’கள் அந்த ஹார்மோன் உருவாவதையே தடுக்கும். சார்டனையும் பிரிலையும் சேர்த்துச் சாப்பிடக்கூடாது. இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக எழுதி அப்படி வந்தால் கடையில் நிறுத்திக் கேட்போம். மூன்றாவது நீர்மாத்திரைகள்: ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன். உப்பையும் நீரையும் சிறுநீரில் அனுப்பும். வயதானவர்களுக்கு இவற்றால் சோடியம் இறங்கிக் குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம், யூரிக் அமிலம் கூடிக் கால் கட்டைவிரல் மூட்டு வீங்கலாம். கடைசியாக அட்டினலால், மெட்டோபுரோலால். நெஞ்சுவலி, மாரடைப்பு வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்களுக்கு இவை முக்கியம். பிரஷருக்கு மட்டும் என்றால் இப்போது முதலில் எழுதுவதில்லை. ஆஸ்துமா இருப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

“ஒரே மாத்திரையைக் கூட்டிக் குடுத்தா போதாதா, எதுக்கு ரெண்டு?” என்றும் கேட்கிறார்கள். ஒரே மருந்தை இரட்டிப்பாக்கினால் பலன் கொஞ்சம்தான் கூடும், பக்கவிளைவு நன்றாகவே கூடும். வேறு வழியில் வேலை செய்கிற இரண்டாவது மருந்தைச் சிறு அளவில் சேர்த்தால் பிரஷர் நன்றாக இறங்கும். இரண்டு மாத்திரை எழுதினால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை.

“மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து கணுக்கால் வீங்குது.”

ஆம்லோடிபினா என்று பாருங்கள். சாயங்காலம் செருப்பு இறுகும், விரலால் அழுத்தினால் குழி விழும். 10 மில்லிகிராம் சாப்பிடுகிறவர்களுக்கு அதிகம். உடம்பில் நீர் கோத்துக்கொண்டதால் வருவதில்லை இது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் வருவது. அதனால் நீங்களாக நீர்மாத்திரை வாங்கிப் போட்டால் பிரயோஜனமில்லை. டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது ஒரு சார்டனைச் சேர்ப்பார், அல்லது மாற்றுவார். ஆனால் மூச்சு வாங்கினாலோ, முகம் வீங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அது வேறு விஷயம், அன்றே காட்டுங்கள்.

“இருமல் மருந்து குடுங்க, ரெண்டு மாசமா வறட்டு இருமல்.”

சீட்டைக் கேட்பேன். ராமிபிரில், எனாலாபிரில் இருந்தால் அதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு. எத்தனை பாட்டில் குடித்தாலும் நிற்காது. டாக்டர் சார்டனுக்கு மாற்றினால் சில வாரத்தில் நின்றுவிடும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உதடோ நாக்கோ திடீரென வீங்கினால் மட்டும் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது, நேராக அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

“டெல்மா 40 கேட்டா எந்த டெல்மான்னு கேக்குறீங்களே?”

கேட்க வேண்டும். டெல்மா 40 என்றால் டெல்மிசார்டன் மட்டும். ஹெச் சேர்ந்தால் கூட ஒரு நீர்மாத்திரை. ஏஎம் சேர்ந்தால் ஆம்லோடிபின். அட்டையில் பெயருக்குப் பின்னால் இருக்கும் அந்த ஓரெழுத்து, ஈரெழுத்துதான் மருந்தையே மாற்றுகிறது.

போன வருடம் ஒரு பாட்டியைப் பேரன் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். எழுந்தால் கண் இருட்டுகிறதாம். சுருக்குப்பையிலிருந்து மாத்திரைகளை எடுத்துக் கவுண்டரில் பரப்பினேன். ஆம்லாங் ஓர் அட்டை, ஆம்லோவாஸ் ஓர் அட்டை, ஏஎம் சேர்ந்த டெல்மா ஓர் அட்டை. ஊருக்கு வந்த இடத்தில் ஒரு டாக்டர், மகள் வீட்டில் ஒரு டாக்டர், பழைய சீட்டு ஒன்று. மூன்றிலும் ஆம்லோடிபின்! பாட்டி நம்பிக்கையாக மூன்றையும் விழுங்கியிருக்கிறார். உடனே டாக்டருக்குப் போன் செய்து, பாட்டியை அனுப்பிவைத்தேன். வணிகப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதைத்தான் படிக்க வேண்டும். வீட்டில் படித்த பிள்ளை இருந்தால் இந்த ஒரு வேலையைக் கொடுங்கள்.

“காலையிலயா, ராத்திரியா? ஒரு நாள் மறந்துட்டா?”

தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் வைத்து நடத்திய டைம் ஆய்வின் முடிவு 2022-ல் வந்தது. காலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாலையில் சாப்பிட்டவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை. நீர்மாத்திரையைக் காலையில் எடுத்தால் ராத்திரி தூக்கம் கெடாது.

மறந்தால் ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடவே கூடாது. பிரஷர் செக்கப்புக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் போகிற அன்று ‘வெறும் வயிறு’ என்று மாத்திரையை விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். அங்கே அளவு ஏறிக் காட்டும், டாக்டர் மருந்தைக் கூட்டிவிடுவார். நிறுத்தச் சொல்லாவிட்டால் ஒரு வாய்த் தண்ணீரோடு சாப்பிட்டுவிட்டே போங்கள்.

“குழம்புல உப்பே போடுறதில்லை, இந்துப்புதான். அப்புறமும் ஏன் ஏறுது?”

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, வேலை ஒன்று. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு, எல்லாவற்றிலும் சேர்த்து. குழம்பில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், வடகம், கருவாடு, மிக்சர் என்று சாப்பிட்டால் கணக்கு எங்கே குறையும்? பழைய சோற்றுக்கு உப்புப் போட்டு, தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாயும் வைத்துக்கொள்கிறவர்கள் இரண்டில் ஒன்றையாவது விடுங்கள். நாக்கு மூன்று நான்கு வாரத்தில் பழகிவிடும், பழகியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

சோடியத்தில் ஒரு பங்கைப் பொட்டாசியமாக மாற்றிய உப்பு கடையில் கிடைக்கிறது. சீனாவின் 600 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வில் அந்த உப்புக்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, முடிவு 2021-ல் வந்தது. ஆனால் கிட்னி பலவீனமானவர்கள், சார்டன் அல்லது பிரில் சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள், பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கிட்னி நோயாளிக்கு ‘உடம்புக்கு நல்லது’ என்று தினம் இளநீர் கொடுக்கிற வீடுகளுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

“இங்கிலீஷ் மருந்து வேண்டாம், மூலிகையில ஏதாவது?”

மூலிகையை நான் இளப்பமாகப் பார்ப்பதில்லை. உலகத்துக்குப் பிரஷர் மருந்து கொடுத்ததில் நம் நாட்டு வேருக்குப் பங்குண்டு. சர்ப்பகந்தா வேரைப் பிரஷர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். அதன் பிறகுதான் மேலைநாடுகள் திரும்பிப் பார்த்தன, அந்த வேரிலிருந்து ரெசர்பின் மாத்திரை வந்தது. சிலருக்கு அது மனச்சோர்வை உண்டாக்குவதாகச் சொன்னார்கள், பின்னால் நல்லவை வந்ததும் ஒதுங்கிவிட்டது. ‘பிரில்’ மாத்திரைகளின் ஆரம்பமோ பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷம்.

வேரில் மருந்து இருப்பது உண்மையானால் அளவும் பக்கவிளைவும் இருக்கும் என்பதும் உண்மைதானே? அதிமதுரத்தைப் பாருங்கள். தொண்டைக்கு நல்லது என்று தினமும் மென்று சாப்பிடுகிறார்கள். தொடர்ந்து சாப்பிட்டால் அது பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். மாத்திரைக்கு அடங்காத பிரஷர் என்று வருகிறவர்களிடம் நான் கேட்கிற கேள்விகளில் இதுவும் ஒன்று. பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் சாப்பாட்டில் தாராளமாகச் சேருங்கள். மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். சித்த மருத்துவம் எடுப்பதானால் தகுதி பெற்ற சித்த மருத்துவரிடம், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று காட்டி எடுங்கள்.

“முட்டி வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க.”

சீட்டில்லாமல் வருகிற இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கெட்ட பெயர் வாங்குகிறேன். டைக்ளோபினாக், ஐபுபுரோபென், அசிக்ளோபினாக் எல்லாமே பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். சார்டனும் நீர்மாத்திரையும் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால் கிட்னிக்கு மும்முனை அடி. கிட்னி போய்விட்டது என்று மாத்திரை மேல் பழி போடுகிற வீடுகளில் இந்த வலி மாத்திரை எத்தனை அட்டை தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். வலிக்குப் பாராசிட்டமால் அளவோடு, தைலம், ஒத்தடம், தேவைப்பட்டால் டாக்டர். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகளில் பினைல்எப்ரின் இருந்தாலும் கவனம்.

“ராத்திரி திடீர்னு 180. நாக்குக்கு அடியில ஏதாவது வைக்கலாமா?”

வேண்டாம். நிபெடிபின் காப்ஸ்யூலைக் கிள்ளி நாக்கடியில் விடுகிற பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அழுத்தம் கிடுகிடுவென்று சரிந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாமல் ஆபத்தானதால் கைவிடப்பட்டது.

முதலில் ஆளைப் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல், பேச்சு குழறல், பார்வை மங்கல், தாங்க முடியாத தலைவலி, குழப்பம், வலிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அப்படி எதுவுமே இல்லை என்றால் அமைதியாக உட்காரவைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளங்கள். இன்றைய மாத்திரையை மறந்திருந்தால் கொடுங்கள். மேல் எண் 180, கீழ் எண் 120 என்ற அளவை ஒட்டியே நின்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள், அடுத்த நாளே காட்டுங்கள். பலருக்கு இப்படி ஏறுவது பயத்தாலும் தூக்கமின்மையாலும்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்துகொண்டே இருந்தால் இன்னும் ஏறும்.

“மருமக மாசமா இருக்கா, அதே மாத்திரையைச் சாப்பிடலாமா?”

சார்டன், பிரில் இரண்டும் கர்ப்பத்தில் கூடவே கூடாது, குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். தெரிந்த அன்றே டாக்டரிடம் போனால் லேபடலால், நிபெடிபின், மீத்தைல்டோபா போன்றவற்றில் ஒன்றுக்கு மாற்றுவார்கள். குழந்தைக்கு முயற்சி செய்கிறபோதே சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

“ரெண்டு நாளா வயித்துப்போக்கு. பிரஷர் மாத்திரை?”

நல்ல கேள்வி, சிலரே கேட்கிறார்கள். வாந்தியும் பேதியுமாக உடம்பில் நீர் வற்றும்போது சார்டன், பிரில், நீர்மாத்திரை கிட்னியைச் சிரமப்படுத்தும். அந்த நாட்களில் எதை நிறுத்தி வைப்பது என்று உடனே டாக்டரைக் கேளுங்கள். சரியாகிச் சாப்பிடத் தொடங்கியதும் மறக்காமல் திரும்பத் தொடங்குங்கள். சித்திரை வெயிலில் வேலை செய்கிறவர்கள் எழுந்ததும் தலை சுற்றினால் அளந்து பாருங்கள், அளவு மிகவும் இறங்கியிருக்கலாம்.

(கூட்டம் கலைந்த பிறகு, தணிந்த குரலில்) “அண்ணே, இந்த மாத்திரையால ஆண்மை குறையுமா?”

வெட்கப்பட ஒன்றுமில்லை. நீர்மாத்திரைகளாலும் அட்டினலால் வகையாலும் சிலருக்கு விறைப்புக் குறையலாம். சார்டன்களால் பெரும்பாலும் இல்லை. கட்டுப்படாத பிரஷரும் சர்க்கரையும் புகையும் அந்த ரத்தக்குழாய்களையே கெடுப்பதால் காரணம் அதுவாகவும் இருக்கலாம். டாக்டரிடம் சொன்னால் மாற்று உண்டு. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிற ஆண்கள் நிறையப் பேர், அதுதான் எனக்குக் கவலை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுகிறவர் வேறொருவர் கொடுத்த, விறைப்புக்கான சில்டெனாபில் மாத்திரையைப் போடவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

“கவர்மெண்ட் மாத்திரை வேலை செய்யுமா?”

செய்யும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்துத்தான் அனுப்புகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரைக்கான மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கடையில் பணம் கொடுத்து வாங்க முடியாமல் மாதத்தில் பத்து நாள் மாத்திரை இல்லாமல் இருக்கிறவர்களை நானே அங்கே பதியச் சொல்லி அனுப்புகிறேன். என் வியாபாரம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறியிருந்தால் பயப்படாதீர்கள், சின்ன எழுத்தில் உள்ள பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள்.

“அடுத்த தடவை வரும்போது என்ன கொண்டு வரணும்?”

சீட்டு. அது இல்லையென்றால் காலி அட்டை, பெயரும் தேதியும் தெரிகிற பக்கத்தோடு. ‘வெள்ளையா, சின்னதா, வட்டமா இருக்கும்’ என்று சொன்னால் அதே மாதிரி நூறு மாத்திரை என்னிடம் இருக்கிறது. வீட்டில் எல்லா மாத்திரையையும் பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். டெல்மிசார்டன் ஈரக்காற்றை இழுத்து நைந்துவிடும், சாப்பிடுகிற நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். கடைசி மாத்திரை தீர்ந்த பிறகு வராமல் ஐந்தாறு மாத்திரை மிச்சமிருக்கும்போதே வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை இருக்காது. இன்னும் ஒன்று: போன் நம்பரை அந்த நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.